மூச்சுக்கருவி விற்பவர்கள்: அமெரிக்க வீட்டு மருத்துவக் கருவித் தொழிலில் ரெப்பின் வேலை

2006 செப்டம்பரில் அமெரிக்க சுகாதாரத் துறையின் தணிக்கைப் பிரிவு ஓர் அறிக்கை வெளியிட்டது. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஒன்றை வாங்க நிறுவனங்களுக்கு அப்போது ஆன செலவு சராசரியாக 587 டாலர். அதே கருவிக்கு மெடிகேர் என்னும் முதியோர் காப்பீடு 36 மாதங்களுக்கு அனுமதித்த வாடகை 7,215 டாலர். இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1,443 டாலர், நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. கருவியின் விலையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு அவர் பங்காகவே போய்விட்டது. வாடகை வெறும் பெட்டிக்கானது அல்ல, நள்ளிரவில் மின்சாரம் போனால் சிலிண்டரோடு வந்து நிற்கும் ஆளுக்கும், குழாய் மாற்றவும் வடிகட்டி பார்க்கவும் வருபவருக்கும் சேர்த்துத்தான் என்று நிறுவனங்கள் பதில் சொல்லின. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாடகையிலிருந்து சம்பளம் வாங்கிய இன்னொருவரும் உண்டு. அந்தக் கருவியைத் தன் நிறுவனத்திடமிருந்தே பெறும்படி மருத்துவமனைகளையும் டாக்டர் அலுவலகங்களையும் சுற்றிவந்த விற்பனைப் பிரதிநிதி. தொழிலில் அவரை ரெப் என்பார்கள்.

நம்மூர் மெடிக்கல் ரெப்பைத் தெரிந்தவர்களுக்கு இவர் அந்நியரல்ல. தோல்பை, காத்திருப்பு, வரவேற்பு மேசையில் இருப்பவரின் பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பது எல்லாம் ஒன்றுதான். வேறுபாடு, மாத்திரை விற்பவரின் வேலை டாக்டர் எழுதிக்கொடுத்ததும் முடிந்துவிடும் என்பது. கருவி விற்பவருக்கு அங்கேதான் ஆரம்பம்.

இவர்களின் அனுபவத்தை எங்கே தேடுவது? கல்விப்புலம் மருந்துப் பிரதிநிதிகள்மேல் காட்டிய அக்கறையை இவர்கள்மேல் காட்டவில்லை. இருப்பவற்றுள் உறுதியான ஆதாரம் நீதிமன்றக் காகிதங்கள். 1863-இல் உள்நாட்டுப் போரின்போது, படைக்குப் போலிச் சரக்கு விற்றவர்களைப் பிடிக்க இயற்றப்பட்ட பொய்க்கோரிக்கைச் சட்டம், அரசை ஏமாற்றும் நிறுவனத்தின்மேல் அரசின் சார்பில் தனிமனிதரே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. மீட்கப்படும் தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை அவருக்குக் கிடைக்கலாம். இப்படி வழக்குத் தொடுத்தவர்களில் கணிசமானோர் நிறுவனத்துக்குள் வேலை பார்த்தவர்கள். ஆனால் இந்த ஆதாரத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். வழக்குத் தொடுப்பவருக்கு வெற்றியில் பங்கு உண்டு. சமரசத் தொகை கட்டப்பட்டதாலேயே குற்றம் நிரூபணமானதாகவும் ஆகாது. இவற்றோடு மெடிகேரின் விதிப்புத்தகத்தையும் சேர்த்துப் படித்தால்தான் படம் தெளிகிறது. அப்படிப் படித்ததில் எனக்குப் பட்டது இது: இந்த வேலையின் பெருமைகளுக்கும் புழுக்கங்களுக்கும் காரணத்தை விற்பவரின் குணத்தில் தேடுவதைவிட, அரசு எந்தக் கருவிக்கு எத்தனை மாதம் எவ்வளவு தருகிறது என்ற அட்டவணையில் தேடுவது பயன்தரும்.

வீட்டுக்குக் கருவி அனுப்பும் தொழிலுக்கு அடித்தளம் போட்டது 1965-இல் வந்த மெடிகேர் சட்டம்தான். சக்கர நாற்காலியும் கட்டிலும் அதில் ஆரம்பத்திலேயே இடம் பெற்றிருந்தன. 1980-இல் அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வெளியான இரண்டு மருத்துவச் சோதனைகள், இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நுரையீரல் நோயாளிகள் நாளில் பல மணிநேரம் ஆக்சிஜன் எடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று காட்டின. அதே 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன், தூக்கத்தில் மூச்சு தடைப்படுபவர்களுக்கு மூக்குவழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் முறையை அறிவித்தார். இன்று பல வீடுகளில் இருக்கும் சிபாப் கருவியின் மூலம் அது. ஆனால் விற்பனையாளருக்கு வாசல் திறந்தது மருத்துவக் கண்டுபிடிப்பு அல்ல, 1983-இல் வந்த கணக்குமுறை. அதுவரை செலவானதைக் கேட்டு வாங்கிய மருத்துவமனைகளுக்கு, இனி நோயின் வகையைப் பொறுத்து ஒரே நிலையான தொகை என்றது மெடிகேர். நோயாளி சீக்கிரம் வீடு திரும்பினால் மருத்துவமனைக்கு லாபம், தங்கினால் நட்டம். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைப் பார்ப்பவர் அன்றிலிருந்து முக்கியமானவரானார். ரெப்புகள் அவர் மேசையைத் தேடிப் போனார்கள்.

நேரே நோயாளியிடமே போகலாமே என்று கேட்கத் தோன்றும். போக முடியாது. மெடிகேர் பயனாளிகளைக் கேட்காமலே தொலைபேசியில் அழைத்துக் கருவி விற்பதை 1994-இல் சட்டம் தடுத்துவிட்டது. எனவே ரெப் பேசுவது நுரையீரல் மருத்துவர், தூக்க ஆய்வகம், டிஸ்சார்ஜ் பிரிவு, முதியோர் இல்லத்தின் செவிலியர் ஆகியோரிடம். தொழில்மொழியில் இவர்கள் எல்லோரும் ரெஃபரல் தருபவர்கள். காசு கொடுப்பது காப்பீடு, கருவியைப் பயன்படுத்துவது நோயாளி, யாரிடம் வாங்குவது என்பதில் பெரும்பாலும் சொல் செல்லுவது ரெஃபரல் தருபவருக்கு. நோயாளிக்குத் தேர்வுரிமை சட்டப்படி உண்டு. ஆனால் மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு படுக்கையில் கிடப்பவர், எந்தக் கம்பெனி வேண்டும் என்ற கேள்விக்கு, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்றுதான் சொல்வார்.

இன்னொரு சிக்கல், விற்க வேறுபட்ட பொருள் எதுவும் கையில் இல்லை. சிபாப் என்றால் பல காலம் இரண்டே பெரிய உற்பத்தியாளர்கள், ரெஸ்மெட்டும் பிலிப்ஸும். போட்டி நிறுவனங்கள் எல்லாமே இந்தப் பெட்டிகளைத்தான் தந்தன. விலையிலும் வேறுபாடு காட்ட முடியாது, காரணம் விலையை முடிவு செய்வது மெடிகேர். ஆகவே ரெப் விற்பது வாக்குறுதி ஒன்றைத்தான்: எங்களிடம் அனுப்பினால் தொல்லை இல்லை, சொன்ன நேரத்தில் வண்டி வரும், பில் குழப்பம் உங்கள் மேசைக்குத் திரும்பாது. இந்த வாக்கைக் கொடுப்பவர் ஒருவர், காப்பாற்ற வேண்டியவர்கள் வேறு சிலர். கிடங்கில் இருப்பவர், வண்டி ஓட்டுபவர், காப்பீட்டு அனுமதி வாங்குபவர், பில்லிங்கில் உட்கார்ந்திருப்பவர் யாருமே ரெப்பின் கீழ் வேலை செய்பவர்கள் அல்ல. இந்தத் தொழிலில் இருந்தவர்களின் முதல் மனக்குறை எப்போதும் இங்கேதான் வந்து நிற்கிறது. தன் முகத்தை அடமானம் வைத்துவிட்டு மற்றவர் வேலைக்காகக் காத்திருப்பது.

இது எப்படி நடக்கிறது என்பதைக் காண ஒரு வெள்ளிக்கிழமை மாலையை எடுத்துக்கொள்ளலாம். வாரக் கடைசிக்கு முன் படுக்கைகளைக் காலி செய்ய மருத்துவமனை முனைகிறது. நுரையீரல் அடைப்பு நோயாளி ஒருவரை ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் முடிவு செய்கிறார். மெடிகேர் பணம் தர வேண்டுமானால், ஓய்வில் இருக்கும்போது இரத்த ஆக்சிஜன் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்ததாக மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருக்க வேண்டும். ஓய்வில் 90 இருந்து, நடக்கும்போது 86-க்கு இறங்குபவர் என்றால் மூன்று அளவுகள் வேண்டும்: ஆக்சிஜன் இல்லாமல் ஓய்வில் எவ்வளவு, ஆக்சிஜன் இல்லாமல் நடக்கும்போது எவ்வளவு, ஆக்சிஜன் கொடுத்து நடக்கவைத்தபோது எவ்வளவு ஏறியது. சோதனை வீடு திரும்புவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். அந்தச் சோதனையை ஆக்சிஜன் விற்கும் நிறுவனம் செய்யக் கூடாது. ரெப் கையில் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தாலும் அவர் எடுத்த அளவு செல்லாது.

மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் இரண்டு அளவுகள்தான் பதிவாகியிருக்கின்றன. நடக்கவைத்த செவிலியர் ஷிப்ட் முடிந்து போய்விட்டார். நோயாளியின் மகன் வண்டியோடு வாசலில் நிற்கிறார். டிஸ்சார்ஜ் பிரிவில் இருப்பவர் ரெப்பின் கைப்பேசியில் கூப்பிட்டு, சிலிண்டர் எங்கே என்கிறார். நிறுவனத்தின் அலுவலகமோ, மூன்றாவது அளவு இல்லாமல் வண்டி கிளம்பாது என்கிறது. அனுப்பிவிட்டுப் பிறகு தணிக்கையில் மாட்டினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் இருப்பவரிடம் அதிகாரம் எதுவும் இல்லை. அவர் செய்யக்கூடியது அடுத்த செவிலியரைத் தேடிப் பிடித்து, தாழ்மையாக, நோயாளியை இன்னொரு முறை நடக்கவைக்கக் கேட்பது. ஒப்புக்கொண்டால் ஆறரை மணிக்கு வண்டி கிளம்பும். இல்லாவிட்டால் திங்கள் காலை அதே மாடியில் போட்டி நிறுவனத்தின் ரெப் பலகாரப் பெட்டியோடு நிற்பார்.

காகிதம் துரத்துவதே பாதி வேலை என்று இவர்கள் சொல்வது மிகையல்ல. ஆக்சிஜனுக்கு மருத்துவத் தேவைச் சான்றிதழ் என்று ஒரு படிவம் பல்லாண்டுகள் இருந்தது. அதன் மருத்துவப் பகுதியை நிறுவனத்தின் ஆள் நிரப்பினால் ஒவ்வொரு படிவத்துக்கும் 1,000 டாலர் வரை அபராதம். 2023 ஜனவரி 1 முதல் அந்தப் படிவமே நீக்கப்பட்டது. வேலை குறைந்ததா என்றால், இல்லை. படிவத்துக்குப் பதில் டாக்டரின் குறிப்பேடே சாட்சியானது. நிறுவனம் தயாரித்துக் கொடுத்து டாக்டர் வெறுமனே கையெழுத்திட்ட தாளை மெடிகேர் மருத்துவப் பதிவாக ஏற்பதில்லை. டாக்டர் தன் கையால், நோயாளியை நேரில் பார்த்ததையும் கருவி ஏன் தேவை என்பதையும் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாதபோது, அதை எழுதும்படி ஒரு டாக்டருக்கு விற்பனையாளர் சொல்ல நேர்கிறது. எப்படிக் கேட்டால் உதவி, எப்படிக் கேட்டால் வற்புறுத்தல் என்பதற்கு அளவுகோல் கிடையாது.

வற்புறுத்தலின் எல்லை எதுவரை போகலாம் என்பதற்கு டெக்சஸ் மாநிலத்தின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் இயங்கிய ‘ஸ்கூட்டர் ஸ்டோர்’ கதை உதாரணம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் நகர முடியாதவர்களுக்கான மின்சார நாற்காலியை, உங்களுக்கு அதிகச் செலவே இல்லை என்று நாடெங்கும் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து விற்ற நிறுவனம் அது. தொலைபேசித் தடைச் சட்டம் இங்கே உதவவில்லை, விளம்பரத்தைப் பார்த்து நோயாளியே கூப்பிட்டுவிடுகிறாரே. மீதி வேலை டாக்டரிடம். 2013 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் பேசிய முன்னாள் ஊழியர்கள், டாக்டர்கள் சலித்துப்போய்ப் பரிந்துரை எழுதும்வரை அவர்களைத் தொடர்ந்து அழைப்பதும் நேரில் போய் நிற்பதும் வழக்கமாக இருந்தது என்றார்கள். பிப்ரவரியில் கூட்டரசுப் புலனாய்வாளர்கள் அலுவலகத்தைச் சோதனையிட்டார்கள். ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இதற்குமுன் நடந்த ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரண மின்சார நாற்காலிக்கு முதல் மாதமே முழுத்தொகையையும் மொத்தமாகக் கொடுத்துக்கொண்டிருந்த மெடிகேர், 2011 முதல் அதை நிறுத்தி மாதவாடகைக்கு மாற்றிவிட்டது. ஒரே கையெழுத்தில் முழுப்பணம் என்றிருந்த காலத்தில் உருவான விற்பனைப் படை அது. பணம் மெதுவாக வரத் தொடங்கியபின் அந்தப் படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை.

இனி கமிஷன். அரசுக் காப்பீட்டில் நோயாளியை அனுப்பிவைக்கக் காசு கொடுப்பதும் வாங்குவதும் 1972 சட்டப்படி குற்றம். அப்படியானால் எத்தனை நோயாளிகள் வந்தார்கள் என்று எண்ணி ரெப்புக்குக் கமிஷன் கொடுப்பது எப்படிச் சரியாகும்? சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: முறையான ஊழியருக்கு முதலாளி தரும் ஊதியத்தை அந்தச் சட்டம் தொடாது. அதே வேலையை அதே கமிஷனுக்கு வெளி ஒப்பந்தக்காரராகச் செய்தால் சிறைக்குப் போகும் வாய்ப்பு உண்டு. சட்டத்தின் காரணம், ஊழியரை முதலாளி கட்டுப்படுத்துவார் என்ற நம்பிக்கை. ஆனால் கட்டுப்படுத்த வேண்டிய முதலாளிதான் மாத டார்கெட்டையும் கொடுக்கிறார்.

எண்ணிக்கை எதை வைத்து என்பதில் அடுத்த சச்சரவு. டாக்டரின் ஆர்டர் வந்தால் போதுமா, கருவி வீட்டில் மாட்டப்பட வேண்டுமா, காப்பீட்டுப் பணம் வந்து சேர வேண்டுமா? கருவியை வீட்டில் பொருத்தி நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பதைத் தொழிலில் செட்-அப் என்பார்கள். பொதுவாக அதுதான் கணக்கு. சிபாப்பில் அதுவும் போதாது. முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான ஏதேனும் 30 நாட்களில், 70 சதவீத இரவுகளாவது இரவுக்கு நான்கு மணிநேரம் கருவியைப் போட்டுத் தூங்கியிருக்க வேண்டும். 31-ஆம் நாளுக்கும் 91-ஆம் நாளுக்கும் இடையே டாக்டர் மறுபடி பார்த்துப் பயன் தெரிகிறது என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் மெடிகேர் வாடகை நின்றுவிடும். கருவிக்குள் இருக்கும் மோடம் தினமும் தூங்கிய நேரத்தை நிறுவனத்துக்குச் சொல்லிவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு வீட்டில் நள்ளிரவில் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டார் என்பது, சில நிறுவனங்களில், விற்றவரின் மாத வருமானத்தைத் தொடும் செய்தி. இதனாலேயே அனுபவமுள்ளவர்கள் வேறு நிறுவனத்துக்கு நேர்முகத்துக்குப் போனால் சம்பளத்துக்குமுன் கேட்பது, கமிஷன் எந்தக் கட்டத்தில் கணக்காகிறது, பிறகு பிடித்துக்கொள்வீர்களா என்பதைத்தான்.

இவர்கள் விற்பனையாளர்கள்தானா என்பதே சட்டத்தில் ஒரு கேள்வியாக இருந்தது. 1938-இன் தொழிலாளர் சட்டம் வெளியே அலைந்து விற்பவர்களுக்குக் கூடுதல்நேர ஊதியம் இல்லை என்கிறது. மருந்துக் கம்பெனி ரெப்புகள் இருவர், நாங்கள் எதையும் விற்பதே இல்லை, டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறோம், அவ்வளவுதான், ஆகவே கூடுதல்நேர ஊதியம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2012 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். கட்டுப்படுத்தாத ஒரு வாய்மொழி ஒப்புதலைப் பெறுவதும் இத்தொழிலில் விற்பனைதான் என்றது பெரும்பான்மை. தீர்ப்பு மருந்துக்காரர்களைப் பற்றியதுதான். கருவி விற்பவர்களின் வெள்ளிக்கிழமை மாலை அழைப்புகளுக்கும் யாரும் மணிக்கணக்கு வைப்பதில்லை.

டார்கெட் எந்தக் கருவிக்கு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியதில்தான் அட்டவணையின் கை மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஆக்சிஜன் வாடகைக்கு 36 மாத உச்சவரம்பு 2006 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்குமேல் இரண்டு ஆண்டு வாடகை இல்லாமலே நிறுவனம் கருவியைப் பராமரிக்க வேண்டும். 2011 ஜனவரியில் ஒன்பது பெருநகரப் பகுதிகளில் ஏலமுறை வந்தது: யார் குறைந்த விலைக்குத் தருகிறாரோ அவருக்கே மெடிகேர் வியாபாரம். விலைகள் சராசரியாக 32 சதவீதம் இறங்கின. 2013 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான பெருநகரங்களுக்கு விரிந்தபோது இறக்கம் 45 சதவீதம். 2016-இல் ஏலம் நடக்காத ஊர்களுக்கும் அதே விலைகளே அளவுகோலாயின. ஏலத்தில் தோற்ற சிறு நிறுவனங்கள் மூடின அல்லது விற்கப்பட்டன. பெரியவையும் கைமாறின. 1995-இல் இரு நிறுவனங்கள் இணைந்து உருவான அப்ரியா 2008-இல் பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனத்திடம் போய், 2022-இல் ஓவன்ஸ் அண்ட் மைனருக்குக் கைமாறியது. லின்கேரை 2012-இல் ஜெர்மனியின் லிண்டே வாங்கியது. உரிமையாளர் மாறும்போதெல்லாம் ரெப்பின் எல்லை திரும்ப வரையப்படும், கமிஷன் கணக்கு திரும்ப எழுதப்படும், பத்தாண்டு பழகிய மருத்துவமனை இன்னொருவர் பட்டியலுக்குப் போகும்.

விலை இறங்கியபோது மருத்துவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டியவரும் ரெப்தான். திரவ ஆக்சிஜன் இதற்குச் சான்று. அதிக அளவு ஆக்சிஜன் தேவைப்பட்டும் வெளியே நடமாடக்கூடிய நோயாளிக்கு அதைப்போல உதவுவது வேறில்லை. ஆனால் வண்டியில் அடிக்கடி கொண்டுபோய் நிரப்ப வேண்டும், கிடைக்கும் வாடகையோ செலவுக்குக் காணாது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மெல்ல அதைக் கைவிட்டன. தோளில் மாட்டும் சிறிய கான்சென்ட்ரேட்டரை விளம்பரத்தில் பார்த்துவிட்டு வரும் நோயாளிக்கும் ஏறத்தாழ அதே பதில்தான். நோயாளிக்கு எது நல்லது என்று ரெப்புக்குத் தெரியும், எது கொடுத்தால் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும் என்றும் தெரியும். இரண்டும் ஒன்றாக இல்லாத நாட்களில் என்ன பேசுவது என்பதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தருவதில்லை.

ஏலத்துக்குள் வராத ஒரு கருவி இருந்தது: முகமூடி வழியாக மூச்சு தரும் வீட்டு வென்டிலேட்டர். அதைவிட எளிய இருநிலை அழுத்தக் கருவிக்கு 13 மாதத்தோடு வாடகை முடியும். வென்டிலேட்டருக்கோ உச்சவரம்பே இல்லை. நோயாளி பயன்படுத்தும்வரை மாதாமாதம் 1,400 டாலர் வரை வந்தது. அடிக்கடி பராமரிப்பு தேவைப்படும் உயிர்காக்கும் கருவி என்பதால் அந்த ஏற்பாடு. விளைவைத் தணிக்கைப் பிரிவின் 2016 அறிக்கை சொல்கிறது: இந்த வகை வென்டிலேட்டருக்கான செலவு 2009-க்கும் 2015-க்கும் இடையே 89 மடங்கானது. அமெரிக்கர்களின் நுரையீரல் ஆறே ஆண்டில் 89 மடங்கு கெட்டுவிடவில்லை. மருத்துவப் பயன் தெளிவாகத் தெரிந்த நோயாளிகளும் அந்தச் செலவுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆக்சிஜனில் இழந்த வருமானத்தைத் தேடிக்கொண்டிருந்த நிறுவனங்களின் விற்பனைக் கூட்டங்களில் எந்தக் கருவியின் பெயர் உரக்கச் சொல்லப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

முன்னாள் ஊழியர்கள் தொடுத்த வழக்கில் அப்ரியா 2020 டிசம்பரில் 40.5 மில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தது. நோயாளி கருவியைப் பயன்படுத்துவதை நிறுத்திய பின்னும் வாடகை வாங்கியது, எளிய கருவியே போதுமான முறையில் இயக்கிக்கொண்டு வென்டிலேட்டர் வாடகை கேட்டது என்பவை குற்றச்சாட்டுகள். 2024 பிப்ரவரியில் லின்கேரும் இதேபோன்ற புகாருக்கு 25.5 மில்லியன் டாலர் கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆக்சிஜன் வாடகை தொடர்பாக 29 மில்லியன். இந்த ஆவணங்களைப் படிக்கும்போது விற்பனையாளரைவிட அவரோடு வேலை பார்த்த சுவாச சிகிச்சையாளர்மேல்தான் என் கவனம் போகிறது. கருவியை மாட்டிக் கற்றுக்கொடுப்பவர் அவர். மாதாமாதம் வீட்டுக்குப் போய், போட்டுக்கொள்கிறாரா, உதவுகிறதா என்று பார்க்க வேண்டியவரும் அவரே. விற்பனைக்கு ஆள் எடுத்த வேகத்தில் இவர்களை எடுக்காவிட்டால், பயன்படுத்தப்படாமல் கட்டிலுக்கடியில் கிடக்கும் கருவியைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரியவர வழியே இல்லை. தெரியாமலிருப்பதில் லாபமும் இருந்தது. சுவாச சிகிச்சையாளர்களில் பலர் மருத்துவமனை இரவுப்பணியிலிருந்து விலக இதே நிறுவனங்களில் விற்பனைக்கு மாறுவதும் உண்டு. டாக்டரோடு சமமாகப் பேச முடிவதால் நிறுவனங்களும் அவர்களை விரும்புகின்றன.

சாப்பாடும் அன்பளிப்பும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டருக்குப் பணமல்லாத சிறு அன்பளிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 டாலருக்குள் இருந்தால் சட்டம் கண்டுகொள்ளாது. மதிய உணவோடு கூடிய பத்து நிமிட விளக்கம்தான் டாக்டர் அலுவலகத்துக்குள் நுழைய வழக்கமான வழி. இதைவிட முக்கியமான லஞ்சங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. உற்பத்தியாளர் கருவி நிறுவனங்களுக்கு இலவசச் சேவை தந்து தன் பெட்டியை விற்கவைத்தார் என்ற புகாரில் ரெஸ்மெட் 2020-இல் 37.5 மில்லியன் டாலர் கட்டியது. 2022-இல் பிலிப்ஸின் சுவாசக் கருவிப் பிரிவு 24 மில்லியனுக்குமேல் கட்டியதற்குக் காரணம் இன்னும் சுவையானது: எந்த டாக்டர் எவ்வளவு எழுதுகிறார் என்ற தரவை நிறுவனங்களுக்குச் சும்மா கொடுத்தது என்ற புகார். ரெப் கதவைத் தட்டுமுன்பே உள்ளே இருப்பவர் மாதம் எத்தனை கருவி எழுதுபவர் என்று தெரிந்திருப்பதற்குச் சந்தையில் விலை உண்டு, அதை இலவசமாகக் கொடுத்தால் அது கையூட்டு.

2021 ஜூன் 14 அன்று பிலிப்ஸ் தன் சிபாப், இருநிலைக் கருவி, வென்டிலேட்டர் வகைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து, துகளும் வாயுவும் மூச்சோடு போகலாம் என்பது காரணம். உலகெங்கும் பாதிக்கப்பட்ட கருவிகள் பல லட்சம். விற்றவர்களுக்கு இது எப்படிப்பட்ட காலமாக இருந்திருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் நீங்கள்தானே என்று கேட்கும் நோயாளிக்குக் கொடுக்க மாற்றுப்பெட்டி இல்லை; சிப் தட்டுப்பாட்டால் ரெஸ்மெட்டாலும் ஈடுகொடுக்க முடியவில்லை. 2022-இல் அது மோடம் இல்லாத கருவியை இறக்கியது. தூங்கிய நேரத்தை அறிய நோயாளி நினைவகச் சில்லைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். 70 சதவீத இரவுக் கணக்கைக் காப்பீட்டுக்குக் காட்ட, ரெப்புகளும் அலுவலகத்தினரும் அந்தச் சில்லுகளுக்காக வீடுவீடாகத் தொலைபேசியில் கெஞ்ச நேர்ந்தது. கொரோனாவுக்குப் பின் மருத்துவமனைக் கதவுகளும் முன்போலத் திறக்கவில்லை. நுழைவாயிலில் இயந்திரத்தில் பதிந்து, தடுப்பூசிச் சான்றும் பின்னணிச் சோதனையும் காட்டி, அன்றைய அடையாளச் சீட்டை ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போகலாம். மாடிக்குப் போய் ஹலோ சொல்லும் காலம் முடிந்து, ஆர்டர்கள் திரைவழியே வரத் தொடங்கின.

இத்தனைக்கும் பிறகு இந்த வேலையில் ஏன் இருக்கிறார்கள்? வருமானம் ஒரு காரணம். நல்ல எல்லை கிடைத்தவருக்குக் கமிஷன் நன்றாகவே வரும். தன் நாளை அவரே திட்டமிட்டுக்கொள்ளலாம், மேலதிகாரி பக்கத்தில் இல்லை. ஆனால் விட்டுப்போனவர்களும் கசப்போடு பேசுபவர்களும்கூட மறுக்காத ஒன்று உண்டு. பல வருடம் ஒழுங்காகத் தூங்காத ஒருவர் சிபாப் போட்ட முதல் வாரத்தில் ஆளே மாறிவிடுவதை இவர்கள் நேரில் பார்க்கிறார்கள். மாத்திரை விற்பவருக்கு அந்தக் காட்சி கிடைப்பதே இல்லை. கருவி வியாபாரத்தில் பொய் சொல்லாமலே நன்றாக விற்க முடியும் என்று நான் நினைப்பதற்குக் காரணமும் அதுதான்: பொருள் பெரும்பாலும் வேலை செய்கிறது. கெடுதல் வருவது, தேவையில்லாதவருக்கும் அதை அனுப்பினால்தான் மாத எண்ணிக்கை நிரம்பும் என்ற நிலை வரும்போது.

இப்போது டார்கெட் சர்க்கரை நோய்ப் பக்கம் நகர்ந்திருக்கிறது. தோலில் ஒட்டிக்கொண்டு இரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் கருவியை, 2023 ஏப்ரலிலிருந்து இன்சுலின் எடுக்கும் எல்லா மெடிகேர் பயனாளிகளுக்கும் தரலாம் என்று விதி தளர்ந்தது. நுரையீரல் டாக்டர் அலுவலகங்களில் பழகிய ரெப்புகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் வரவேற்பறைகளுக்கு மாறினார்கள். அதன் சென்சார் சீக்கிரம் தீர்ந்துபோகும், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்பதால் நிறுவனங்களும் அதற்குத் தனிப்படை அமைத்தன. 2025 கோடையில் மெடிகேர் முன்வைத்த வரைவு விதிகளில், 2019-க்குப் பின் பெரும்பாலும் நின்றுபோயிருந்த ஏலத்தை மீண்டும் நடத்தும் திட்டம் இருந்தது. ஏலத்துக்கு வரும் பொருட்களாக அதில் குறிக்கப்பட்டவற்றில் அந்தச் சர்க்கரைக் கருவியும் இன்சுலின் பம்ப்பும் இருந்தன.